மறுபடி உலையேறிய வாள்கள்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் ஐரோப்பிய வாள் ஒன்றை வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகு, முலாம் பூசிய பிடி, கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. வீட்டுக்கு வந்து இரண்டு முறை வீசியதுமே மணிக்கட்டு கடுத்தது. அந்தக் காலத்து வீரர்களுக்குத்தான் எத்தனை வலிமை என்று வியந்தேன். பிறகுதான் தெரிந்தது, குறை என் கையில் இல்லை, வாளில் இருந்தது என்று. இடைக்கால ஐரோப்பாவில் ஒரு கையால் பிடித்த வாள் பெரும்பாலும் 1 கிலோவிலிருந்து 1.3 கிலோவுக்குள் அடங்கிவிடும். என் அலங்கார வாள் 2 கிலோவைத் தாண்டியது.

பழைய வாளின் அலகைப் பக்கவாட்டில் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பிடியருகே ஐந்தாறு மில்லிமீட்டர் கனம். நுனியை நெருங்க நெருங்க 2 மில்லிமீட்டர் அளவுக்கு இளைத்துக்கொண்டே போகும். அலகின் நடுவே வாய்க்கால்போல் ஓடும் பள்ளத்தை இரத்தம் வடிவதற்கு வெட்டினார்கள் என்று சொல்வார்கள். அது கட்டுக்கதை. விறைப்புக் குறையாமல் எடையைக் குறைக்கக் கொல்லன் கண்ட வழி அது. பிடியின் முடிவிலுள்ள குமிழும் அழகுக்காக வைத்ததன்று. அலகுக்கு அது எதிர் எடை. அலகின் வால் பிடிக்குள் முழுக்க ஓடி, குமிழைத் துளைத்து வெளிவந்து, அங்கே தட்டி மடக்கப்பட்டிருக்கும். என் வாளை ஒருநாள் கழற்றிப் பார்த்தேன். பென்சில் பருமனில் மரையிட்ட கம்பி ஒன்றை அலகோடு பற்றவைத்திருந்தார்கள். இன்னும் பத்து முறை வீசியிருந்தால் அலகு தனியே பறந்திருக்கும்.

'கையால் அடித்த வாள்' என்ற சொல்லுக்கு இன்று நல்ல விலை இருக்கிறது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சொல் மட்டும் போதாது. ஸ்வீடனைச் சேர்ந்த வாள் கொல்லர் பீட்டர் யோன்சன் அருங்காட்சியக வாள்களைக் கையில் எடுத்து, கனம், எடை, சமநிலை என்று ஒவ்வொன்றையும் அளந்து குறித்துக்கொள்பவர். அப்படிப்பட்ட அளவுகளை வைத்து இயந்திரத்தில் கடைந்தெடுத்த வாள்கூட, அளவு அறியாமல் சம்மட்டியால் அடித்த வாளைவிட மூலத்துக்கு நெருக்கமானது. இதில் எனக்கு ஐயமே கிடையாது.

அப்படியானால் உலை எதற்கு என்று கேட்கலாம். வடிவத்தை அளந்துவிடலாம், எஃகு எப்படி உருவானது என்பதை உலையிடம்தான் கேட்க வேண்டும்.

வட ஐரோப்பாவில் கிடைத்த சுமார் 170 வாள்களில் உல்ஃப்பெர்ட் என்ற பெயர் பொறித்திருக்கிறது. அவை 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையானவை. ஒரே கொல்லன் அத்தனை காலம் உயிரோடு இருந்திருக்க முடியாது. ஆகவே அது ஒரு பட்டறையின் முத்திரையாக இருந்திருக்க வேண்டும். லண்டனிலுள்ள வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்தின் உலோக ஆய்வாளர் ஆலன் வில்லியம்ஸ் இவற்றில் பலவற்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சிலவற்றில், எஃகுக்குக் கடினம் தரும் கார்பன் 1 விழுக்காட்டை எட்டியோ தாண்டியோ இருந்தது. கசடு ஏறக்குறைய இல்லை. பெயரில் எழுத்துப் பிழை உள்ள வாள்கள் பலவற்றில் எஃகும் மட்டமாக இருந்தது. போலி முத்திரை ஆயிரம் ஆண்டுப் பழைய தொழில்! நல்ல வாள்களின் எஃகு மூசை என்ற மண் கலத்தில் உருக்கியது, வோல்கா ஆற்று வணிக வழியே கிழக்கிலிருந்து வந்தது என்பது வில்லியம்ஸின் கருத்து. எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரிச்சர்ட் ஃபரர் என்ற கொல்லர் 2012இல் அப்படி ஒரு வாளைச் செய்து காட்டினார். இரும்பு, கரி, மணல், கண்ணாடி ஆகியவற்றை மூசையில் இட்டு உருக்கி, ஆறிய கட்டியை அடித்து நீட்டினார். இங்கேதான் கொல்லனின் கண்ணுக்குச் சோதனை. வெண்சூடு கொடுத்தால் இந்த எஃகு சம்மட்டிக்கு அடியில் புட்டுப்போல் உதிர்ந்துவிடும். சூடு தணிந்துவிட்டால் விரிசல் விடும். இடையிலுள்ள அந்தச் சிறிய எல்லையைக் கனலின் நிறத்தைப் பார்த்தே பிடிக்க வேண்டும்.

டமாஸ்கஸ் வாள்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அலகில் நீரோட்டம்போல் வரிகள் தெரியும் அந்த வாள்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்தும் எஃகுக் கட்டிகள் போயின. நாம் உருக்கு என்கிறோம், கன்னடத்தில் உக்கு. மேலை நாட்டார் வாயில் அது வூட்ஸ் ஆயிற்று. அந்த வரிகளை வரவழைக்கும் கலை பிற்காலத்தில் அற்றுப்போனது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் வெர்ஹூவனும் ஃபுளோரிடாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தார்கள். ஒருவர் பேராசிரியர், மற்றவர் குதிரைக்கு லாடம் அடித்துப் பழகிய கொல்லர். சுவிட்சர்லாந்தின் பெர்ன் அருங்காட்சியகத்துப் பழைய வாள் துண்டுகளை ஆராய்ந்தபோது காரணம் பிடிபட்டது. எஃகில் மிகச் சிறிதளவு, ஒரு விழுக்காட்டின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக, வனேடியம் என்ற உலோகம் இருந்தாலே போதும். பலமுறை சூடேற்றி அடிக்கும்போது, இரும்பும் கார்பனும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அவைதான் வரிகளாகத் தெரிகின்றன. வனேடியம் கலந்த இரும்புத் தாது தீர்ந்தபோது கலையும் போயிருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். கொல்லனின் கை மறந்ததாக நாம் இதுவரை நினைத்தோம்; மண் கைவிட்டிருக்கலாம்!

பெண்ட்ரே 2017இல் காலமானார். தங்கள் செய்முறையை இருவரும் மறைக்கவில்லை. எந்தச் சூட்டில், எத்தனை முறை என்பதுவரை எழுதி வைத்தார்கள்.

நொய்யல் ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணல் அகழாய்வில் பழைய உலைகள் வெளிப்பட்டன. தென்னாட்டுக் கொல்லர்கள் மூசைக்குள் ஆவாரங்கட்டையை இட்டு, எருக்கிலை வைத்து மூடி உருக்கியதை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆவாரை இன்றும் நம் சாலையோரங்களில் பூத்துக்கொண்டிருக்கிறது. நொய்யல் கரையில் யாரேனும் மறுபடி ஒரு மூசையை ஏற்றினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். துருத்தி ஊதவாவது வந்து நிற்கிறேன்.