லைப்ரரிக்கு வீடியோ போட்டு நான் வாங்கிக் கட்டிக்கிட்ட கதை

வணக்கம் எல்லாருக்கும். கார்ல உக்காந்துதான் பேசுறேன், பொறுத்துக்குங்க. வெளிய மழை ஊத்துது. மலேசியாவுல நம்ம பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த் மழைதான் உங்களுக்குத் தெரியும்லா, வந்தா லேசுல விடாது. பின் சீட்ல திருப்பிக் குடுக்கவேண்டிய புக்கு ஆறு கெடக்கு. மழை விடுற வரைக்கும் உங்களோட பேசிக்கிட்டு இருக்கலாம்னு போனை எடுத்துட்டேன்.

நெறையப் பேரு கேட்டுட்டீங்க, "அக்கா, லைப்ரரி வீடியோ எப்படிப் போடுறீங்க, எங்க ஊரு லைப்ரரிக்கும் போடணும்"னு. எந்த லைப்ரரின்னு மட்டும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன். நாலு மாசமா சும்மா, காசு வாங்காம, தமிழ்ல வீடியோ எடுத்துக் குடுக்குறேன். அவ்ளோதான்.

மொதல்ல நான் செஞ்சது என்ன தெரியுமா? போஸ்டர். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து செஞ்சேன். மேல நாலு லோகோ, நடுவுல நிகழ்ச்சி பேரு, யாரு தொறந்து வைக்கிறாங்க, நேரம், இடம், ஓரத்துல ஒரு கியூஆர் கோட். தமிழு எங்க இருக்குன்னு பூதக்கண்ணாடி வச்சுத் தேடணும். மொத்தம் 11 லைக். அதுல ஒண்ணு எங்கம்மா, ஒண்ணு அத்தை, ஒண்ணு நானே போட்டது.

அடுத்த வாரம் ஷெல்ஃப்ல ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பை உருவினேன். பின்னட்டையைத் தொறந்தா, தேதி குத்துற சீட்டு ஒட்டியிருக்கு பாருங்க, அது. ஊதா மை. ஒவ்வொரு முத்திரையும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சிருக்கு. ஒண்ணு பாதி கோட்டுக்கு வெளிய போயிருச்சு. மார்ச்சுக்கு மலாய்ல மாச்-னு போட்டிருக்கும்ல, கடைசி முத்திரை அதான், 14 மாச் 2011. அதுக்குக் கீழ எல்லாக் கட்டமும் காலி. நான் எதுவும் பேசல. விரலால அந்த முத்திரை மேலயிருந்து காலிக் கட்டம் வரைக்கும் மெதுவா இழுத்துக் காட்டினேன். 22 செகண்ட். தலைப்பு, "இந்தப் புக்கை 2011-க்கு அப்பறம் யாருமே எடுக்கல."

அதுதாங்க ஓடுச்சு. சித்தியவான்லருந்து ஒருத்தர் அந்தப் புக்கைக் கேக்குறாரு, கிள்ளான்லருந்து ஒருத்தங்க "அய்யோ பாவம் அந்தப் புக்கு"ன்னு போடுறாங்க.

ரெண்டு நாள் கழிச்சு கவுண்டர்ல இருக்குற காக், மலாய்ல அக்கான்னு அர்த்தம், என்னைக் கூப்பிட்டாங்க. "அடிக் (தங்கச்சி), இப்ப நாங்க சீட்டுல குத்துறதே இல்ல. எல்லாம் கம்ப்யூட்டர்ல போயிரும்"னு சொல்லி, ஸ்க்ரீனைத் திருப்பிக் காட்டுறாங்க. அதுக்கப்பறமும் அந்தப் புக்கு வெளிய போயிருக்கு! எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. திருத்த வீடியோ போட்டேன். அதை யாரு பாத்தா? மொத வீடியோ பாத்தவங்கள்ல பாதிகூட இல்ல. அது இன்னும் உறுத்துது.

ஆனா ஒண்ணு புரிஞ்சிச்சு. நான் நிகழ்ச்சியைக் காட்டினப்ப யாரும் திரும்பல, ஒத்தைப் புக்கைக் காட்டினப்ப ஆளு ஆளுக்குக் கேக்குறாங்க. இதை எனக்கு முன்னாடியே ஒருத்தர் சொல்லிட்டாரு, நம்மாளுதான். சீர்காழியில 1892-ல பொறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரேரியன். 1931-ல நூலகத்துக்குன்னு அஞ்சு விதி எழுதினாரு, உலகம் பூராவும் லைப்ரரி படிப்புல இன்னைக்கும் அதைச் சொல்லிக் குடுக்குறாங்க. ரெண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது அதையே திருப்பிப் போட்டது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். நாம எல்லாம் ரெண்டாவதைப் புடிச்சிக்கிட்டு மூணாவதை விட்டுட்டோம். அதே 1931-ல மன்னார்குடி பக்கத்துல மாட்டு வண்டியில புக்கை ஏத்திக்கிட்டு ஊரு ஊராப் போற லைப்ரரியும் ஆரம்பிச்சாங்க. ஜனங்க எங்க இருக்காங்களோ அங்க வண்டி போச்சு. இன்னைக்கி ஜனங்க போனுக்குள்ள இருக்காங்க.

சரி, எந்தப் போன்ல எங்க இருக்காங்க? பேஸ்புக்ல பெரியவங்க, டிக்டாக்ல பிள்ளைங்க, அது உங்களுக்கே தெரியும். ஆனா லைப்ரரி வாசல்ல வந்து நிக்க வைக்கிறது வாட்ஸ்அப்தான். கோயில் குரூப், தமிழ்ப்பள்ளி பெற்றோர் குரூப், ஃப்ளாட் குரூப். அதுல போஸ்டர் போட்டா யாரும் தொறக்கமாட்டாங்க, காலையில வர்ற பூ போட்ட வணக்கம் படம் மாதிரி தள்ளிவிட்டுப் போயிருவாங்க. "மலர்விழி டீச்சர் கேட்டீங்களே, ஆறு வயசுக்குப் படம் போட்ட தமிழ்க் கதை, இதோ மூணு இருக்கு, கீழ் தட்டுல"ன்னு ஒரு பேரைச் சொல்லிப் போட்டுப் பாருங்க. கேட்டவங்களும் வருவாங்க, கேக்காத நாலு பேரும் வருவாங்க. பேரு மாத்திச் சொல்லியிருக்கேன், தேடாதீங்க.

கமெண்ட்ல அதிகமா வர்ற கேள்வி, "பினாங்குல லைப்ரரி எல்லாம் இருக்கா?" அட. இங்க பினாங்கு லைப்ரரி ஆரம்பிச்சது 1817. அதுக்கு முந்தின வருஷம், 1816-ல, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல தமிழ் வகுப்பு ஆரம்பிச்சாங்க, மலாயாவுல தமிழ்க் கல்வியே அங்கருந்துதான்னு கணக்கு வைப்போம். இப்ப கிரீன் லேன்ல, அதே ஃப்ரீ ஸ்கூல் பக்கம், 2016-ல டிஜிட்டல் லைப்ரரி தொறந்தாங்க, அச்சுப் புத்தகம் இல்லாம மின்னூல் மட்டும். 2020-க்கான உலகப் புத்தகத் தலைநகர்னு யுனெஸ்கோ கோலாலம்பூரை அறிவிச்சிருந்தாங்க, என்னாச்சு? மார்ச் 18-ல எம்.சி.ஓ., அதான் கொரோனா ஊரடங்கு, வந்துருச்சு, ஏப்ரல் 23-ல அந்த வருஷம் தொடங்குறப்ப ஊரே வீட்டுக்குள்ள.

இப்ப ஒரு உபயோகமான விஷயம் சொல்றேன், இதுக்குத்தான் எனக்கு அதிகமா சேவ் வந்துச்சு. லைப்ரரி வெப்சைட்ல தமிழ்ப் புக்கைத் தேடி "இல்ல"ன்னு வந்தா நம்பாதீங்க. பல லைப்ரரிகள்ல தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்துலதான் ஏத்தி வச்சிருப்பாங்க. அதுவும் நாம வாட்ஸ்அப்ல அடிக்கிற மாதிரி கெடையாது, நூலகக்காரங்களுக்குன்னு ஒரு முறை இருக்கு. சிறுகதைன்னா நாம எஸ்-ல ஆரம்பிச்சு அடிப்போம். அவங்க சி-ல ஆரம்பிப்பாங்க. "தை"க்கு நாம டி-எச் போடுவோம், அவங்களுக்கு வெறும் டி. ஆக சி-ஐ-ஆர்-யு-கே-ஏ-டி-ஏ-ஐ, cirukatai. குழந்தைல வர்ற ழ-வுக்கு நாம இசட்-எச் போடுவோம், அங்க எல்-லுக்குக் கீழ ஒரு கோடு. தேடுறப்ப வெறும் எல் போட்டுப் பாருங்க. நான் சிறுகதைன்னு நம்ம ஸ்டைல்ல அடிச்சா சைபர். சி போட்டு அடிச்சா வரிசையா வந்து விழுது. இத்தனை வருஷமா ஷெல்ஃப்லதான் இருந்திருக்கு, நமக்குத்தான் அதைக் கூப்பிடத் தெரியல.

அப்பறம், பிள்ளைங்க மூஞ்சியைக் காட்டாதீங்க. கையையும் புக்கையும் காட்டினாப் போதும், அதான் நல்லாவும் இருக்கும். முழுக் கதையையும் வாசிச்சு ஏத்திடாதீங்க, இங்க எழுத்தாளர் காலமாகி 50 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு. நான் வாசிக்கணும்னு ஆசைப்பட்ட ஒரு உள்ளூர் எழுத்தாளர்கிட்ட மெசேஜ் போட்டுக் கேட்டேன். அஞ்சு நிமிஷத்துல சரின்னுட்டாரு, கூடவே வேற ரெண்டு கதையும் அனுப்பிட்டாரு.

கடைசியா நான் செஞ்ச தப்பு. இதைச் சொல்லாம விடக்கூடாது. ஒரு வீடியோல, "திங்கக்கெழமை வாங்க, கூட்டமே இருக்காது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். ஏன் கூட்டம் இருக்காதுன்னா, அன்னைக்கி லைப்ரரியே மூடியிருந்துச்சு. நான் யாருகிட்டயும் கேக்கல. நிபோங் திபாலருந்து ஒரு அக்கா, ரெண்டு பிள்ளைங்களோட, ரெண்டு பஸ் மாறி வந்திருக்காங்க. பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னு ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புனாங்க. திட்டல. "மூடியிருக்கும்மா"ன்னு மட்டும் போட்டிருந்தாங்க. சின்னவன் கையில காலி பை ஒண்ணு, புக்கு போட்டுக்கிட்டுப் போகக் கொண்டுவந்த பை. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு.

அதுலருந்து எல்லா வீடியோலயும் மொத கமெண்ட் நேரம்தான், பின் பண்ணி வச்சிருவேன். பப்ளிக் ஹாலிடேன்னா அன்னைக்கிக் காலையில மாத்திருவேன்.

மழை கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கு. இருங்க, மெசேஜ் வருது... அட, அந்த நிபோங் திபால் அக்காதான். "இன்னைக்கித் தொறந்திருக்கா மா?" எதுத்தாப்புல லைட்டு எரியுது, ஆனா மழையில கதவு தெரியல. இருங்க, எதுக்கும் உள்ள போன் அடிச்சு எத்தனை மணி வரைக்கும்னு கேட்டுட்டு பதில் போடுறேன்.