வெனிஸில் ஒரு மாலை

நேயர்களுக்கு வணக்கம்.

குழுவோடு வெளிநாடு போகிறவர்கள் பயணத் திட்டத்தில் முதலில் ஊர்ப் பெயர்களைத்தான் பார்ப்போம். இத்தாலிப் பயணத்துக்கு நானும் அப்படித்தான் பார்த்தேன். 'வெனிஸ், இரண்டு இரவுகள்' என்று போட்டிருந்தது. பஸ் போய் நின்றது மேஸ்த்ரேயில்.

மேஸ்த்ரே, வெனிஸுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. வெனிஸ் ஒரு தீவுக்கூட்டம். அதன் சந்துகளில் கார், பஸ் எதுவும் ஓடாது. அறை வாடகையும் அதிகம். அதனால் பல குழுக்களை மேஸ்த்ரேயில்தான் தங்க வைக்கிறார்கள். அறை சிறியது, ஆனால் சுத்தமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கால்வாய் தெரியும் என்று ஆசையாக வந்த ஓர் அம்மாவுக்குப் பெட்ரோல் பங்க்தான் தெரிந்தது. அவர் முகம் வாடிப்போனதை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் காலை ரொட்டி, சீஸ், பழம் என்று அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினோம். பஸ் போகக்கூடிய ட்ரொன்கெட்டோ தீவில் இறங்கி, அங்கிருந்து படகில் வெனிஸின் சான் மார்கோ சதுக்கப் பகுதிக்கு. ஆளுக்கொரு காதுக் கருவி கொடுத்தார்கள்; வழிகாட்டி மெல்லப் பேசினாலே கேட்டது. சுற்றுலாக் குழுக்கள் ஒலிபெருக்கி பயன்படுத்துவதை 2024-இல் அந்த நகரம் தடை செய்துவிட்டது. ஒரு குழுவில் 25 பேருக்கு மேல் இருக்கவும் கூடாது என்பதால் எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ரொம்ப நல்ல விதி. அந்தக் குறுகலான சந்தில் நாம் வழியை அடைத்துக்கொண்டு நின்றால், காய்கறிப் பையோடு வீடு திரும்புகிறவர் எந்தப் பக்கம் போவார்?

மதியம் முன்பே சொல்லிவைத்த பாஸ்தாவும் சாலடும். தனியாகச் சாப்பிடப் போனால் பில்லில் 'கோபெர்த்தோ' என்று ஒரு வரி இருக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் மேசைக் கட்டணம் அது. காபியை கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பெரும்பாலும் கூடுதல் விலை. இதையெல்லாம் வழிகாட்டி முன்கூட்டியே சொன்னது பெரிய உதவி.

நாலு மணிக்கெல்லாம் எல்லோரையும் படகில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு மனசே ஆறவில்லை. வெயில் தாழ்ந்து, பகல் கூட்டம் கலைகிற நேரத்தில் கிளம்பச் சொன்னால் எப்படி? பணம் கட்டும் முன்பே ஹோட்டல் எந்த ஊரில், பக்கத்தில் ரயில் நிலையம் உண்டா, எந்த நாள் மாலை நம் கையில் என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

நல்லவேளை, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு நிகழ்ச்சி இல்லை. மேஸ்த்ரேயிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்தான் என்று ஹோட்டல் வரவேற்பில் சொன்னார்கள். அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு நாலு பேர் கிளம்பினோம். 1846-இல் திறந்த பாலத்தின் வழியே, இரண்டு பக்கமும் தண்ணீர் கறுத்துக் கிடக்க, ரயில் போனது.

வெனிஸின் சாந்தா லூசியா ரயில் நிலைய வாசலைத் தாண்டினால் படிக்கட்டு. அதன் கீழேயே பெருங்கால்வாய். எதிர்க்கரையில் சான் சிமியோனே தேவாலயத்தின் பச்சைக் குவிமாடம். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் படியில் உட்கார்ந்தார். ஒரு படகு கடந்து போனது; அது கிளப்பிய அலை கரைக்கல்லில் மோதி அடங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் பக்கத்தில் கையால் தட்டி, என்னையும் உட்காரச் சொன்னார்.