ஸ்டென்சிலில் ஒரு பொங்கல் வாழ்த்து மடல்

(காட்சி: மேசை. வெள்ளை மட்டைத் தாள், மை ஒற்றிகள், ஸ்பொஞ்சுத் துண்டுகள்.)

வணக்கம். விடிகாலையில் கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்குத் தெரியும்: மஞ்சள் எங்கே முடிகிறது, செம்மை எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அந்த வானத்தை இன்று ஒரு பொங்கல் மடலில் கொண்டுவரப் போகிறோம். படம் வரையத் தெரியவேண்டியதில்லை; உருவத்தை வெட்டியெடுத்த தகட்டை, அதாவது ஸ்டென்சிலை, மடல்மேல் வைத்து மை ஒற்றினால் போதும்.

ஏ4 அளவு மட்டையை நீளப் பக்கத்தில் பாதியாக வெட்டி, ஒரு பாதியை மடித்தால் 105 மி.மீ.க்கு 148 மி.மீ. மடல் கிடைக்கும். சி6 கடித உறைக்குள் தாராளமாகப் போகும். மடிக்குமுன், அடிமட்டத்தை வைத்து மை தீர்ந்த பேனையால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். மடிப்பு வெடிக்காமல் நேராக விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாங்கும் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் நல்லது. வழவழப்பான பக்கம் வெளியே இருக்கட்டும்.

மை விடயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். தாளுக்குள் ஊறும் சாய மையே நிறங்களைக் கலக்க ஏற்றது. டிஸ்ட்ரெஸ் இங்க் போன்றவை இதற்கென்றே செய்யப்பட்டவை. கிடைக்காவிட்டால் தண்ணீரில் கரையும் பெல்ட் பேனையால் பிளாஸ்டிக் தாளில் கிறுக்கி, அந்த மையை ஸ்பொஞ்சில் தொட்டெடுங்கள்.

(காட்சி: கை மட்டும், அருகில்.)

இனி முக்கியமான இடம். ஸ்பொஞ்சை மையில் தொட்டவுடன் மடலில் வைக்காதீர்கள். மடலுக்குக் கீழே ஒரு பழைய தாளை விரித்து, அந்தத் தாளில் வட்டமாகச் சுற்றத் தொடங்கி, சுற்றிக்கொண்டே மடலுக்குள் வாருங்கள். தோசைக்கு மாவை நடுவிலிருந்து வெளியே சுற்றுவோம். இங்கே வெளியிலிருந்து உள்ளே. முதல் தொடுகை மடலில் விழுந்தால் அங்கே ஒரு கரும்புள்ளி தங்கிவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது. நான் பழகிய காலத்தில் கெட்ட மடல்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு புள்ளியாலேயே கெட்டன.

அழுத்தவும் வேண்டாம். குழந்தையின் நெற்றியில் திருநீறு பூசும் அளவு கை போதும். ஐந்தாறு முறை மெல்லச் சுற்றினால்தான் நிறம் ஏறும், பொறுமையாகச் செய்யுங்கள்.

சூரியனுக்கு, போத்தல் மூடியை வைத்துத் தாளில் ஒரு வட்டம் வெட்டி, மடலில் லேசாக ஒட்டிக்கொள்ளுங்கள். அது மூடியிருக்கும் இடம் வெள்ளையாகவே நிற்கும். கீழே மஞ்சள், அதன்மேல் செம்மஞ்சள், பிறகு இளஞ்சிவப்பு, உச்சியில் நீலம். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பின்னால். இளஞ்சிவப்பை விட்டுவிடாதீர்கள். நீலம் செம்மஞ்சளோடு நேரே சேர்ந்தால் சேற்று நிறம்தான் வரும். இளஞ்சிவப்போடு சேர்ந்தால் ஊதாவாகும், அது வானத்துக்குப் பொருந்தும்.

மாரி மாதங்களில் தாள் ஈரம் குடித்திருக்கும், மை திட்டுத்திட்டாகப் பிடிக்கும். மேலே துணி போட்டு ஒருமுறை இஸ்திரிக்கை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

(காட்சி: எக்ஸ்ரே படம், வெளிச்சத்துக்கு எதிரே.)

இது அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரே. பழையது, வைத்தியருக்கு இனித் தேவையில்லை. ஸ்டென்சிலுக்கு இதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை: மையில் ஊறாது, கிழியாது, துடைத்தால் மறுபடி பாவிக்கலாம். இதில்தான் பனைமரத்தை வெட்டினேன். வளைவில் கத்தியைத் திருப்பாமல் படத்தைத் திருப்புங்கள். பனையோலையின் விசிறி மடிப்புகள் அப்போதுதான் கூராக வரும்.

எழுத்து வெட்டுவதுதான் சிரமம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள். நம் எழுத்துகளை நாமே வெட்டவேண்டும். ‘பொங்கல்’ என்று தாளில் பருமனாக எழுதி, படத்தின்மேல் ஒட்டி, இரண்டையும் சேர்த்து வெட்டுங்கள். ‘ப’ தொல்லை தராது. கொம்பின் சுழியைப் பாருங்கள், ‘க’வைப் பாருங்கள், ‘ல’வைப் பாருங்கள்: ஒவ்வொன்றுக்கும் உள்ளே மூடிய வயிறு ஒன்று இருக்கிறது. கோட்டைச் சுற்றி வெட்டியதும் அந்த வயிறு கழன்று விழுந்துவிடும், எழுத்து வெறும் ஓட்டையாகும். அதனால் வயிற்றையும் வெளிப்புறத்தையும் இணைக்க ஒன்றரை மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பாலத்தை வெட்டாமல் விடுங்கள். கோடு வளையும் இடத்தில் விட்டால் எழுத்தின் வடிவம் கெடாது. நேர்க்கோட்டின் நடுவே விட்டால் எழுத்து முறிந்ததுபோல் தெரியும். ‘ழ’ வெட்டும்போது இது இன்னும் நன்றாக விளங்கும். புள்ளிகளுக்குக் கத்தி தேவையில்லை, துளைகருவியால் ஒரு குத்து.

(காட்சி: மடல்மேல் ஸ்டென்சில்.)

ஒட்டுநாடாவை முதலில் உங்கள் சட்டையில் ஓரிரு முறை தட்டுங்கள். பசை தணிந்து, தாளை உரிக்காது. கறுப்பு மை, மிகக் குறைவாக. இங்கே சுற்றவேண்டாம், மேலும் கீழுமாகத் தட்டுங்கள். சுற்றினால் மை ஓரத்துக்கு அடியில் புகுந்து, கூரான ஓலை பஞ்சாகிவிடும்.

இந்த மடலில் மணியோ பூவோ ஒட்டவில்லை. தட்டையாக இருப்பதால் கனடாவுக்கு அனுப்பினாலும் உறை கிழியாது, நிறையும் குறைவு.

மை காய ஐந்து நிமிடம் விடுங்கள். இப்போது ஸ்டென்சிலை ஒரு மூலையில் பிடித்து, இழுக்காமல் நேரே மேலே தூக்குங்கள். பனை நிற்கிறது. அடுத்து, சூரியனை மூடிய வட்டத்தை நகத்தால் கிளப்புங்கள்.

(காட்சி: வட்டம் உரிகிறது. வெள்ளைச் சூரியன்.)