91 சதவீதம் சிவப்பு! என் ஆய்வேட்டை நானே திருடினேனாம்

வணக்கம், போன்ஷூர். கையில் இருப்பது வழக்கமான வெனிலா டீதான். கோப்பை எங்கே என்று கேட்காதீர்கள், அந்த நீலக் கோப்பை உடைந்துவிட்டது. அதற்கு இன்னொரு நாள் அழுகிறேன். இன்றைக்கு வேறு அழுகை இருக்கிறது.

போன வீடியோவில், காவடி முடிந்த கையோடு, நம் மொரீஷியஸில் காத்ர் போர்ன் ஊர் மலைக்கோவில் படியில் உட்கார்ந்து, "ஆய்வேடு முடிந்தது, இனிமேல் ஏழு கறிச் சாப்பாடு, தூக்கம், கடற்கரை" என்று அளந்தேன் அல்லவா? எந்தக் கண் பட்டதோ. திங்கட்கிழமை பல்கலைக்கழகத் தளத்தில் ஆய்வேட்டை ஏற்றினேன். நாம் எழுதியதில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் மென்பொருள் அறிக்கை கொடுத்தது. 91 சதவீதம்! அதில் 24 வரை பச்சை, 25 முதல் மஞ்சள், 50 முதல் ஆரஞ்சு, 75 முதல் சிவப்பு. என்னுடையது நல்ல மிளகாய்ச் சிவப்பு.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "91 மதிப்பெண்ணா, பரவாயில்லையே" என்றார். என்ன பதில் சொல்வது?

பழைய பார்வையாளர்களுக்கு என் தலைப்பு மனப்பாடம் ஆகியிருக்கும். 1998-இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் நடந்த கதை. ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசையை மாற்றி, தமிழை இந்திக்குக் கீழே போட்டு அச்சடித்தார்கள். இங்கே தமிழர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே புதிதாக அடித்தார்கள். யார் பெயர் முதலில் வரவேண்டும் என்ற சண்டையைப் பற்றி எண்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அதே சண்டை எனக்கும் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

அறிக்கையைத் திறந்தால், வரிக்கு வரி ஒரே ஒரு மூலத்தோடு பொருந்துகிறது. "மாணவர் கட்டுரை" என்று போட்டு, நான் கால் வைத்தே இராத நாட்டில் இருக்கும் ஒரு கல்லூரியின் பெயர். யாரோ ஒருவர் அங்கே உட்கார்ந்துகொண்டு, எங்கள் பாட்டி 1998-இல் மார்க்கெட்டில் அந்த நோட்டை வாங்க மறுத்த கதையை எழுதியிருக்கிறாராம். என் பாட்டி!

கொஞ்சம் பொறுங்கள், முக்கியமான ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். தளத்தில் ஏற்றுவதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு போட்டோகாப்பிக் கடைக்குப் போனேன். ரோஸ் ஹில்லில்தான், பெயர் சொல்லமாட்டேன். அந்த அண்ணா, "இங்கேயே செக் பண்ணித் தருகிறேன், எவ்வளவு சதவீதம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்" என்றார். ஐந்நூறு ரூபாய். நூறு ரூபாய் நோட்டாக ஐந்து கொடுத்தேன். நூறு ரூபாயில் யார் படம்? ரெங்கநாதன் சீனிவாசன், நம் தமிழ் வழக்கறிஞர். ஆக ஐந்து சீனிவாசன்களை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் தெருமுனையில் ஒரு ஜோடி தால் பூரி 25 ரூபாய். 20 ஜோடி! நான்கு பேர் வீட்டில் இரண்டு வேளைக்கு வரும், சட்னி தனியாகக் கேட்காவிட்டால். அந்த வண்டிக்காரர் சட்னிக்கும் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார், அது இன்னொரு கொடுமை. சரி, விடுங்கள்.

கடைக்கார அண்ணா செய்தது இதுதான். எந்த நாட்டுக் கல்லூரியின் கணக்கையோ எங்கிருந்தோ வாங்கி வைத்திருக்கிறார். அதில் என் ஆய்வேட்டை ஏற்றினார். அப்படி ஏற்றும்போது, பின்னால் வருகிறவற்றோடு ஒப்பிட, கட்டுரையை மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்க்கவா வேண்டாமா என்று ஓர் அமைப்பு உண்டு. அவர் அதைத் தொடவே இல்லை. அதனால் என் ஆய்வேடு அந்தக் கல்லூரி மாணவர் எழுதியதாகப் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு நாள் கழித்து நான் போனால், நான் இரண்டாவது ஆள். என் எழுத்துக்கு நானே நகல். அதை அழிக்கவும் என்னால் முடியாது, அந்தக் கல்லூரிப் பக்கத்திலிருந்துதான் கேட்க வேண்டும். அவர்களிடம் நான் யார் என்று சொல்வேன்? போட்டோகாப்பி வாடிக்கையாளர் என்றா?

இணையத்தில் இலவசமாகச் செக் பண்ணித் தரும் தளங்களிலும் இதே ஆபத்து உண்டு. ஏற்றிய கோப்பு எங்கே போய்த் தங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் என் ஆய்வேட்டை மேற்பார்க்கும் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். அழுதுகொண்டு போகவில்லை, மெட்ரோவிலேயே அழுது முடித்துவிட்டேன். கையில் ஒரே ஆயுதம், கூகுள் டாக்ஸின் பதிப்பு வரலாறு. ஏழு மாதம் எந்த நாளில் எந்த வரியை எழுதினேன், எதை அழித்தேன், எல்லாம் அதில் இருக்கிறது. நடு இரவில் மூன்றாம் அத்தியாயத்தையே அழித்துவிட்டுக் காலையில் திரும்ப எடுத்தது வரைக்கும். நோட்டுப் புத்தகத்தையும், பாட்டியின் பேட்டி ஒலிப்பதிவையும் எடுத்துப் போனேன். மிஸ் பொறுமையாகப் பார்த்தார். அந்த ஒரு மூலத்தை மட்டும் கணக்கிலிருந்து விலக்கினார். 91 சட்டென்று 14 ஆனது. பச்சை! நாற்காலியிலிருந்து குதிக்காததுதான் பாக்கி.

"உட்கார், முடியவில்லை" என்றார் மிஸ்.

அந்த 14-இல் பெரும்பகுதி துணைநூல் பட்டியலும் மேற்கோள்களும்தான், அதில் குற்றம் இல்லை. ஆனால் 41-ஆம் பக்கத்தில் ஒன்பது வரி. மிஸ் அங்கே விரலை வைத்துவிட்டுச் சும்மா இருந்தார். எனக்கு உடனே புரிந்தது. போன வருடம் ஒரு கட்டுரையிலிருந்து கைப்பேசிக் குறிப்பில் அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன், மேற்கோள் குறி போடாமல். மாதக்கணக்கில் அங்கேயே கிடந்ததால் என் சொந்த வரி என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் அங்கங்கே நான்கு சொல்லை மாற்றி உள்ளே வைத்திருக்கிறேன். கட்டுரையாளர் பெயரைப் பத்தியின் கடைசியில் போட்டிருக்கிறேன், உண்மை. ஆனால் கருத்துக்குத்தான் அது நன்றி, வாக்கியங்கள் அவருடையவை. வாக்கியக் கட்டு அவருடையது, பெயிண்ட் மட்டும் என்னுடையது. 91-க்கு அந்தப் பொங்கு பொங்கினேன், இந்த ஒன்பது வரிக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

இப்போது குறிப்பு எடுத்தால் முதல் வேலை மேற்கோள் குறி, பக்க எண். அப்புறம்தான் ஒட்டுவேன். எழுதும்போது மூலத்தை மூடி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஆங், இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தி என் இரண்டாம் ஆண்டு அசைன்மென்ட்டிலிருந்து வந்தது, அதையும் மிஸ் பிடித்தார். நானே எழுதியதுதானே மிஸ் என்றேன். ஏற்கெனவே மதிப்பெண் வாங்கியதற்கு மறுபடியும் மதிப்பெண்ணா என்று கேட்டார். நம் இலக்கணத்தில் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்வார்களே, அதில் "கூறியது கூறல்" ஒன்று. "மற்றொன்று விரித்தல்" என்றும் ஒன்று இருக்கிறது, அது இந்தச் சேனலின் மூச்சு, அதைத் தொடவேண்டாம்.

காவடி வீடியோவின் கீழே ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்தக் கருவிகளைக் கண்டாலே ஆகாது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ, தானே வெளியிட்ட கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை "இயந்திரம் எழுதியது" என்றன. மறுபடியும் 91, என்ன ராசியோ. வீட்டில் கிரியோல், கோவிலில் தமிழ், தொலைக்காட்சியில் பிரெஞ்சு, ஆய்வேடு மட்டும் ஆங்கிலம் என்று வாழ்கிற நம்மைப் போன்றவர்கள்தான் முதலில் மாட்டுவோம். அதற்காக ஏஐயிடம் துணைநூல் பட்டியல் கேட்கிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினார்கள். சொல்லை மாற்றித் தரும் ஆப்களும் அதே ரகம். என் 41-ஆம் பக்கத்தை அது இன்னும் வேகமாகச் செய்யும், அவ்வளவுதான்.

திருத்தியதை நேற்று ஏற்றினேன். மிஸ் அந்த மூலத்தை விலக்கியபின் 6 சதவீதம்.

அப்புறம் கடைக்குப் போனேன். ஐந்நூறையும் திருப்பிக் கேட்டேன். "செக் பண்ணிக் கொடுத்தேனே தங்கச்சி" என்றார் அண்ணா. முக்கால் மணி நேரம் நகராமல் நின்றேன், பின்னால் வரிசை கதவு வரைக்கும் போய்விட்டது. கடைசியில் ஒரு சீனிவாசனைத் திருப்பிக் கொடுத்தார். இதோ, பாருங்கள். மீதி நான்கு பேரை அழைத்துவர சனிக்கிழமை மறுபடியும் போகிறேன், கேமராவோடு.