அழைப்பு மணியில் அப்பா பெயர்

எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் சில வாரங்களில் ஜெர்மனிக்கு விமானம் ஏறப் போகும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கப் போகும் பெற்றோரும் இந்த அரங்கில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். படிக்கும் காலச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுன்டில் 11,904 யூரோ கட்டுவது, விசாவுக்குத் தேதி வாங்குவது, இதையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. போய் இறங்கிய பிறகு மனசுக்குள் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். எனக்கு அதை யாரும் சொல்லவில்லை.

2013 அக்டோபரில் நான் லைப்சிக் நகரத்துக்குப் படிக்கப் போனேன். முதல் சில வாரம் எல்லாமே அழகு. குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்துக் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கையில் வரும். அம்மாவிடம் தினமும் இதையெல்லாம் ஆசை ஆசையாகச் சொல்வேன்.

குடிபோன இரண்டு வாரத்துக்குள் நம் முகவரியை அரசு அலுவலகத்தில் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதோடு இன்னொரு வேலையும் உண்டு. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருந்தது. அதையே எழுதி, தபால் பெட்டியிலும் வாசல் அழைப்பு மணியிலும் ஒட்டினேன். அன்றிலிருந்து நான் அப்பா பெயரால்தான் அழைக்கப்பட்டேன். எங்கள் ஊரில் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்களே நாலைந்து பெரியவர்கள்தான். ஒரு தடவை பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது உள்ளிருந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன், அப்பா வந்துவிட்டாரோ என்று.

கலெர்வோ ஓபெர்க் என்று ஒரு மானிடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனீரோவில், வெளிநாட்டில் வந்து குடியிருந்தவர்கள் முன்னால் ஒரு உரை நிகழ்த்தினார். 'கல்ச்சர் ஷாக்' என்ற சொல் பரவலானதில் அந்த உரைக்குப் பெரிய பங்கு உண்டு. எப்போது கை கொடுப்பது, எப்போது மறுப்பது, யார் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே செய்யும் நூறு சின்ன விஷயங்கள் ஒரே நாளில் செல்லாமல் போவதால் வரும் கலக்கம் அது என்றார். எனக்கு அந்தக் கலக்கம் ஒரு துண்டு கேக்கில் வந்தது.

கீழ்வீட்டில் எழுபது வயதைக் கடந்த ஒரு அம்மா தனியாக இருந்தார். ஒரு ஞாயிறு மதியம் என்னைக் காபிக்கு அழைத்தார். ஆப்பிள் கேக் ஒரு துண்டு வைத்தார். தின்று முடித்ததும், "இன்னொன்று?" என்றார். வேண்டாம் என்றேன். நம் வீடுகளில் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவை போதும் போதும் என்போம், மூன்றாம் தடவை அவர்களே இலையில் வைத்துவிடுவார்கள். அவரோ தலையாட்டிவிட்டு, கேக்கை மூடி உள்ளே எடுத்துப் போய்விட்டார். மாடிக்கு வந்து அழுதேன். கேக்குக்காக அல்ல. இன்னொரு தடவை கேட்க ஆளில்லாத ஊருக்கு வந்துவிட்டோமே என்று. இந்த ஊர்க்காரர்களுக்கு ஈரமே இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.

அப்புறம் குளிர்காலம். டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919இன் வைமார் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்து, 1949இல் வந்த இன்றைய அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்திலும் அதை அப்படியே சேர்த்துக்கொண்டார்கள். பெரிய ரயில் நிலையம், பெட்ரோல் பங்க் என்று சில இடங்களில்தான் ஏதாவது வாங்க முடியும். அன்று சுவரில் ஆணியடிக்கும் சத்தம்கூடக் கேட்காது. அந்த நிசப்தம் எனக்கு மாசக்கணக்கில் பயமாகவே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு காய்ச்சல் தொடங்கியது. ஞாயிறு எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் ரொட்டியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "ஆச்சும்மா" என்றேன். திங்கள், செவ்வாயும் அதே கேள்வி, அதே பதில். புதன்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போய்க் கீழ்வீட்டு மணியை அழுத்தினேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். உள்ளே உட்கார வைத்தார். அரைமணி நேரத்தில் சூப் வந்தது, போர்வை வந்தது, மருத்துவருக்குப் போனும் போனது. அப்புறம் நிஜமான வருத்தத்தோடு கேட்டார்: "உங்கள் காலடிச் சத்தம் மூன்று நாளாகக் கேட்கவில்லை. தனியாக இருக்க விரும்புகிறீர்கள் என்று நினைத்தேன். ஏன் அன்றைக்கே மணியடிக்கவில்லை?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்காமல் அடுத்தவர் வாழ்க்கைக்குள் நுழைவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர் அவர். கேட்காமலே வந்து நிற்பதுதான் பாசம் என்று வளர்ந்தவள் நான். கேக் வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் உண்மை என்று நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரே படிக்கட்டின் மேலும் கீழும் ஆளுக்கொரு மரியாதையோடு காத்துக் கிடந்திருக்கிறோம்.

பிள்ளைகளே, அங்கே வேண்டுமென்றால் வேண்டும் என்று சொல்லுங்கள். உயிர் போகிற அவசரம் என்றால் 112. மருத்துவமனை ஓடும் அளவுக்கு இல்லை, ஆனால் மருத்துவரின் நேரம் முடிந்துவிட்டது என்றால் 116117. இந்த இரண்டு எண்களையும் போனில் இன்றைக்கே ஏற்றிவையுங்கள். பெற்றோரே, குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் இரவு 9 மணிக்குக் கூப்பிடும்போது அங்கே நாலரை, வெளியே இருட்டு. "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள், அது நம் பாசை, விட முடியாது. அதோடு, "இன்றைக்கு யார்கிட்ட பேசின?" என்றும் கேளுங்கள். அந்தப் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

காய்ச்சல் விட்டதும் அந்த அம்மாவுக்கு எலுமிச்சை சாதம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து தன் வீட்டு மாற்றுச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். தனக்கும் வயதாகிறது, ஏதாவது ஆனால் கதவைத் திறக்க ஒரு ஆள் வேண்டும், வெகுநாளாகக் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஜெர்மன் மொழியிலும் நீங்கள், நீ என்ற வேறுபாடு உண்டு. 'ஸீ' என்றால் நீங்கள், 'டூ' என்றால் நீ. வயதில் பெரியவர்தான் முதலில் நீ போட்டுப் பேசலாம் என்று சொல்ல வேண்டும். இனி நாம் டூ என்றே பேசிக்கொள்ளலாம் என்றார். டூ என்றால் அங்கே குடும்பப் பெயர் கிடையாது. அன்றுதான் முதல் தடவையாக என் பெயரைக் கேட்டார். சொன்னேன். கடைசியில் வரும் ழகரம் அவருக்கு வரவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தடவை ஓரளவு சரியாகவே சொன்னார்.