எல்லைக்கு வெளியே ஓர் அந்துப்பூச்சி

அவைத் தலைவர் அவர்களே, இயற்கை ஆர்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இரவில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, அதன் முன்னே பாதரச ஆவி விளக்கை எரியவிட்டுக் காத்திருக்கும் ஒருவர், நள்ளிரவுக்குப் பின் அத்துணியில் வந்தமர்ந்த அந்துப்பூச்சி ஒன்றைக் கண்டு திகைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையேட்டைப் புரட்டுகிறார். இறகின் வரிகள் பொருந்துகின்றன, உணர்கொம்பும் பொருந்துகிறது. ஆனால் அந்த இனம் வாழ்வதாகக் கையேடு காட்டும் நிலப்பகுதியோ அவர் நிற்குமிடத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. 'இது எப்படி இங்கே வந்தது?' என்றுதான் அவர் உடனே கேட்பார். அந்தக் கேள்வி சற்று அவசரப்பட்ட கேள்வி என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி. பூச்சி காலங்காலமாக அங்கேயே இருந்திருக்கலாம். விளக்கோடு வந்த மனிதர்தாம் அந்த இடத்துக்குப் புதியவராக இருக்கலாம்.

வண்ணத்துப்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் சேர்ந்த வரிசையில் இதுவரை பெயரிடப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அவற்றுள் பகலில் நம் கண்ணில் படும் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000 மட்டுமே. மற்றவை எல்லாம் அந்துப்பூச்சிகள். பெரும்பாலானவை இரவில் பறப்பவை, பல நம் விரல் நகத்தைவிடச் சிறியவை. இத்தனை இனங்களின் பரவல் எல்லையை வரைந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் விளக்கு வைத்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்து, அப்புள்ளிகளைச் சுற்றி ஒரு கோடு இழுத்ததே நாம் பரவல் வரைபடம் என்று அழைப்பது. கோட்டுக்கு வெளியே உள்ள வெற்றிடத்துக்கு 'அங்கே இல்லை' என்றும் பொருள் இருக்கலாம், 'அங்கே எவரும் தேடவில்லை' என்றும் பொருள் இருக்கலாம். வரைபடம் இரண்டையும் ஒரே வெண்மையில்தான் காட்டும். உயிரினங்களின் பரவலைப் பற்றிய நம் அறிவில் உள்ள இந்தப் பள்ளத்தை, விலங்குகளின் புவியியலை ஆராய்ந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் பெயரால் 'வாலஸ் குறைபாடு' என்று உயிரியலாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

எனவே முதலில் ஐயப்பட வேண்டியது வரைபடத்தையும் நம் கண்ணையுமே. தொலைவிலுள்ள இனமொன்று இங்கே கிடைத்துவிட்டது என்று தோன்றும்போது, அதை ஒத்த உள்ளூர் இனம் ஒன்றைத்தான் நாம் தவறாக அடையாளம் கண்டோமோ என்று கேட்பது முறை. இறகுச் செதில்கள் உதிர்ந்து நிறம் மங்கிய பூச்சி எந்த இனத்தையும் போலத் தோற்றமளிக்கும். வெளித்தோற்றத்தால் பிரித்தறிய முடியாத இனங்களை, வயிற்றின் நுனியைக் காரக் கரைசலில் இட்டு, இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து, நுண்ணோக்கியில் ஒப்பிட்டே உறுதிசெய்ய முடிகிறது. டி.என்.ஏ. பட்டைக்குறி என்னும் முறையும் கைகொடுக்கிறது: மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் சுமார் 650 எழுத்துக்களை வாசித்து, ஏற்கெனவே சேர்த்துவைத்த தொகுப்போடு ஒப்பிடுவார்கள். ஆனால் சரியான இனம் அத்தொகுப்பில் இல்லாவிட்டால் கணினி அதன் நெருங்கிய உறவினரின் பெயரையே காட்டும். அதை முடிவான தீர்ப்பாக எடுத்துக்கொள்வோர் இருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அடுத்து ஐயப்பட வேண்டியது சீட்டை. ஊசியில் குத்திய மாதிரிக்குக் கீழே பிடிபட்ட இடம், நாள், பிடித்தவர் பெயர் ஆகியவற்றை எழுதிய சிறு தாள் இல்லையென்றால் அந்தப் பூச்சி வெறும் அலங்காரப் பொருளே. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்நாட்டில் பிடிபட்ட அரிய இனங்களுக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்தார்கள். அதனால் ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து வாங்கிவந்த பூச்சிகளை உள்நாட்டில் பிடித்தவை என்று சொல்லி விற்கும் வணிகமே நடந்தது. எல்லைக்கு வெளியே கிடைத்ததாகச் சொல்லப்படும் பழைய பதிவுகளை ஆய்வாளர்கள் இன்றும் முகம் சுளித்தே பார்ப்பதற்கு அந்த ஏமாற்றும் ஒரு காரணம்.

அடையாளமும் சீட்டும் தேறிவிட்டால், அதன் பிறகே 'எப்படி வந்தது' என்னும் கேள்விக்கு இடம் உண்டு. பூச்சி தானே பறந்து வந்திருக்கக்கூடும். இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரி 13 அன்று பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டைச் சகாராப் பாலைவனத்தில் வெடித்துச் சோதித்தது. அதற்குச் சில வாரங்களுக்குள் இங்கிலாந்தில் பிடிபட்ட நோமோஃபிலா நாக்டுவெல்லா என்னும் சிறிய அந்துப்பூச்சி ஒன்றில், அந்த வெடிப்பிலிருந்து வந்ததாகக் கருதத்தக்க கதிரியக்கத் துகள் ஒட்டியிருந்ததை கெட்டில்வெல், ஹெர்ட் ஆகியோர் கண்டறிந்து 1961-இல் வெளியிட்டனர். பூச்சி வலசை வந்த வழிக்கு மனிதரின் கொடிய சோதனை தன்னையறியாமல் முத்திரை குத்தியிருந்தது.

பறந்து வரும் இனங்களுக்கு எல்லை எது என்று சொல்வதே கடினம். மக்காச்சோளப் படைப்புழுவின் தாய்ப்பூச்சி ஒரே இரவில் சுமார் 100 கிலோமீட்டர் கடக்க வல்லது. அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட அப்பூச்சி, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஃபுளோரிடா, டெக்சஸ் ஆகியவற்றின் தென்பகுதியில் மட்டுமே குளிர்காலத்தைத் தாங்குகிறது. எனினும் ஆண்டுதோறும் தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து கனடா வரை சென்று, அங்கே குளிர் வந்ததும் மடிகிறது. கனடா அதன் பரவல் எல்லைக்குள்ளா, வெளியிலா? 2016-இல் ஆப்பிரிக்காவிலும் 2018-இல் கர்நாடகத்திலும் அது முதன்முதலாக அறியப்பட்டபோது இத்தகைய ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அங்கே அது ஆண்டு முழுவதும் வாழ்ந்து பெருகியது.

பறக்கவே தெரியாத பெண்பூச்சியும் கண்டம் தாண்டியதுண்டு. 1860-களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு ட்ரூவெலோ என்பவர் கொண்டுசென்று வளர்த்த லைமான்ட்ரியா டிஸ்பர் தப்பித்துப் பரவியது. அந்த ஐரோப்பியக் கிளையின் பெண்பூச்சிகள் பறப்பதில்லை. ஆனால் மரக்கட்டை, கல், வண்டி என எதில் வேண்டுமானாலும் முட்டையிடும், அந்த முட்டைகள் மனிதரின் செலவிலேயே பயணம் செய்யும். கிழக்காசியாவுக்குரிய பாக்ஸ் மர அந்துப்பூச்சியும் 2007-இல் ஐரோப்பாவிலும் 2018-இல் கனடாவின் டொரன்டோவிலும் தென்பட்டது. ஐரோப்பாவுக்கு அது அழகுச்செடி வணிகத்தின் வழியே சென்றதாகவே கருதப்படுகிறது.

காலநிலை மாற்றத்தால் எல்லையே நகர்வதும் உண்டு. போர்னியோவின் கினபாலு மலையில் 1965-இல் அந்துப்பூச்சிகள் சேகரிக்கப்பட்ட அதே உயரங்களில் 2007-இல் மீண்டும் சேகரித்துப் பார்த்தபோது, 102 இனங்கள் சராசரியாக 67 மீட்டர் மேலேறியிருந்தன. 42 ஆண்டுகளுக்கு முந்தைய குறிப்புகள் உயரத்தோடு எழுதப்பட்டிருந்ததால்தான் இந்த ஒப்பீடு இயன்றது.

ஆகவே ஒற்றை ஆண்பூச்சி விளக்குக்கு வந்ததை வைத்து 'இங்கே குடியேறிவிட்டது' என்று அறிவிப்பது முறையன்று. 2022-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துச் சுவரொன்றில் அட்லாஸ் அந்துப்பூச்சி கண்டெடுக்கப்பட்டது. வெப்பமண்டல ஆசியாவின் இந்தப் பெரும்பூச்சிக்கு அந்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட முதல் பதிவு அது. ஆயினும் ஒரு பூச்சி ஒரு பூச்சிதான். அதன் புழு உண்ணும் செடி சுற்றுப்புறத்தில் உண்டா, அச்செடியில் புழுவோ கூட்டுப்புழுவோ கிடைக்கிறதா, அடுத்த ஆண்டு அதே பருவத்தில் செதில் உதிராத புதிய பூச்சிகள் வருகின்றனவா என்று திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தாக வேண்டும். தேடியும் கிடைக்காத இரவுகளையும் நாளிட்டு எழுதிவைக்க வேண்டும். இந்த வேலையை விரும்பிச் செய்வோர் குறைவு. வெற்றுத் துணியைப் படம் எடுத்து யாரும் பகிர்வதில்லை.

இறுதியாக ஒரு கதை. குதிரைக் கஷ்கொட்டை மரத்தின் இலைக்குள் சுரங்கம் தோண்டி வாழும் கேமராரியா ஓரிடெல்லா என்னும் மிகச் சிறிய அந்துப்பூச்சி, 1980-களில் மாசிடோனியாவின் ஓரிட் ஏரிப் பகுதியில் கண்டறியப்பட்டு, 1986-இல் அறிவியலுக்குப் புதிய இனமாகப் பெயரிடப்பட்டது. 1989-இல் ஆஸ்திரியாவிலும் 2002-இல் இங்கிலாந்திலும் தென்பட்டது. எங்கிருந்து வந்தது என்று நீண்ட காலம் விவாதம் நடந்தது. வேறு கண்டத்திலிருந்து வந்த அந்நியப் பூச்சி என்றும் சிலர் எண்ணினர். பிறகு ஆய்வாளர்கள் ஐரோப்பிய உலர்தாவரத் தொகுப்புகளில் இருந்த பழைய கஷ்கொட்டை இலைகளைத் தேடி ஆராய்ந்தனர். கிரேக்கத்தில் 1879-இல் பறித்து, தாளில் ஒட்டி, இடமும் நாளும் குறித்துவைக்கப்பட்ட இலைகளுக்குள் இந்தப் பூச்சியின் புழுக்கள் நசுங்கிக் காய்ந்து கிடந்தன, அவற்றின் டி.என்.ஏ.வையும் வாசிக்க முடிந்தது. இலையைப் பறித்தவர் செடியைச் சேகரிக்க வந்தவர். உள்ளே பூச்சி இருப்பது அவருக்குத் தெரியாது.