ராபி இல்லாத மேடையும் ராபி வந்த மேடையும்

வணக்கம் நேயர்களே. பிரிந்துபோன பாட்டுக் குழுக்கள் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் பாடப் போகிறார்களே, அதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு இங்கிலாந்தின் 'டேக் தட்' குழுவை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது.

1990-ல் மான்செஸ்டரில் தொடங்கிய ஐந்து பையன்கள். 1995-ல் ராபி வில்லியம்ஸ் மனஸ்தாபத்தோடு விலகினார். அடுத்த வருஷம் பிப்ரவரி 13, அன்றைக்கு ராபியின் பிறந்தநாள் வேறு, மிச்சம் நாலு பேரும் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, குழுவைக் கலைக்கிறோம் என்று சொன்னார்கள். அழுத ரசிகைகளுக்கு ஆறுதல் சொல்லத் தனியாக டெலிபோன் எண்களே ஏற்பாடு செய்தார்கள் என்றால் பாருங்கள்.

பத்து வருஷம் கழித்து, 2006-ல், நால்வராகத் திரும்பி வந்தார்கள். ராபி வரவில்லை. அவர் பாடிய பாட்டு ஒன்று இருக்கிறது, அதை யார் பாடுவது? வேறு ஆளைப் போடவில்லை. ராபியின் ஒளியுருவத்தை மேடையில் காட்டி, அதையே முதல் அடிகளைப் பாட வைத்து, அப்புறம் நால்வரும் சேர்ந்துகொண்டார்கள். வராதவர் வரவில்லை என்பதை மறைக்காமல் காட்டினார்கள், எனக்குப் பிடித்ததே இதுதான். பழைய பாட்டோடு நிற்காமல் அதே வருஷம் புதுப் பாட்டும் போட்டார்கள், அதுவும் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது.

2011-ல் ராபியும் வந்தார். அந்த நிகழ்ச்சியை அமைத்த விதத்தைக் கேளுங்கள்: முதலில் நால்வர் மட்டும் பாடுவார்கள், பிறகு ராபி தனியாக வந்து தன் பாட்டுகளைப் பாடுவார், அதற்குப் பிறகுதான் ஐந்து பேரும் சேர்ந்து நிற்பார்கள். பிரிந்ததையும் தனித்தனியாக வாழ்ந்ததையும் சேர்ந்ததையும் யாரும் வாய் திறந்து விளக்கவில்லை, நிகழ்ச்சியின் வரிசையே சொல்லிவிட்டது. நடுவில் பிரிவே நடக்காத மாதிரி ஐந்து பேரும் முதல் பாட்டிலேயே குதித்து வந்திருந்தால் இந்த அழுத்தம் வந்திருக்காது. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மட்டும் எட்டு இரவுகள் பாடினார்கள், 1988-ல் மைக்கேல் ஜாக்சன் அங்கே பாடியது ஏழு.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற, ஐந்து பெண்கள் பாடிய இங்கிலாந்துக் குழுவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன்: 2007 டிசம்பரில் வான்கூவரில் ஐவரும் சேர்ந்து மேடையேறினார்கள், 2019-ல் அவர்களில் ஒருவரான விக்டோரியா இல்லாமல் நால்வராகவே மைதானங்களை நிறைத்தார்கள். அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். வணக்கம்.